தடாகத்தைப் பூட்டலாம், ஓயாவை?

2020 மார்ச் 13ஆம் திகதி இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆம் திகதி மாலை ஊரடங்கு. நீச்சல் தடாகங்களுக்கும் அந்த வரிசையில் பூட்டு விழுந்தது. கொவிட் எப்படிப் பரவுகிறது என்றே உறுதியாகத் தெரியாத அந்த வாரங்களில் அது சரியான முடிவுதான். ஆனால் தேயிலைக்கு ஊரடங்கு இருக்கவில்லை. தோட்ட வேலைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பெரட்டு கூடியது, கொழுந்து எடுக்கப்பட்டது, மடுவத்தில் நிறுவை நடந்தது. பாடசாலை மூடியிருக்க, தாய் மலையில் நிற்க, பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் ஹாலிஎலையிலும் லயத்துப் பிள்ளைகளின் பகல்பொழுதுக்குப் பொறுப்பாளி இல்லாமல் போனது. பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைக்கு நீச்சல் பழக்குவது பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு உலகெங்கும் எழுதப்பட்ட பதில்களில் பெரும்பாலானவை, பெற்றோரும் வீட்டில் அடைபட்டிருந்த குடும்பங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வகுப்பு நின்றால் அந்தப் பிள்ளை வீட்டுக்குள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும். ஊவாத் தோட்டத்துப் பிள்ளை எங்கே இருக்கும் என்று கேட்டுவிட்டுத் தொடங்கினால் பதில் வேறாகிறது. தொற்று உச்சத்தில் இருக்கும் சில வாரங்களை விட்டுவிட்டால், திறந்தவெளியில் சிறு குழுவாக நடக்கும் நீச்சல் வகுப்பை நடத்துவதைவிட நிறுத்தி வைப்பதே இங்கே கூடுதல் ஆபத்து. அடுத்த பெருந்தொற்று வருமுன் இதைப் பேசி முடிவெடுத்து வைப்பது நல்லது. வந்த பிறகு நிதானமாகப் பேச யாருக்கும் நேரம் இராது.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். தடாகத்தைக் கண்டு அஞ்சுவது கொவிட்டோடு பிறந்த பழக்கமல்ல. இளம்பிள்ளை வாதம் பரவிய 1940களிலும் 50களிலும் அமெரிக்க நகரங்கள் கோடைதோறும் பொதுத் தடாகங்களை மூடின. இலங்கையிலும் 1962இல் 1,800க்கு மேற்பட்டோர் அந்நோயால் தாக்குண்டார்கள். போலியோக் கிருமி மலத்தோடு வெளியேறி வாய்வழியே உள்ளே போகிறது. ஆகவே கலங்கிய நீரைப் பார்த்து அன்றைய பெற்றோர் அஞ்சியதில் நியாயம் இருந்தது. கொவிட் கிருமி வேறு வகை. அது மூச்சுக்காற்றில் பயணிக்கிறது. கொழுப்பு உறை போர்த்தியது. குளோரினுக்கு முன் அந்த உறை நிற்காது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2021இல் தடாக நீரில் இக்கிருமியைக் கலந்து பார்த்தார்கள். லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் குளோரினும் 7க்கும் 7.2க்கும் இடைப்பட்ட பி.எச். அளவும் இருந்த நீரில், முப்பது விநாடிக்குள் அதன் தொற்றும் திறன் ஆயிரம் மடங்குக்கு மேல் குறைந்தது. இது ஆய்வுகூடத்துக் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. முப்பது பிள்ளைகளின் வியர்வையும் சிறுநீரும் கலந்த தடாகத்தில் காலையில் போட்ட குளோரின் மாலைவரை தங்காது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். தடாக நீரைச் சிறு கண்ணாடிக் குழாயில் பிடித்து ஒரு மாத்திரையைப் போட்டுக் கலக்கினால் நீர் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் அடர்ந்தால் குளோரின் கூட, வெளிறினால் குறைவு. குழாயைப் பக்கத்தில் இருக்கும் நிற அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும். பிள்ளையைச் சேர்க்கப் போகிற அம்மாவோ அப்பாவோ தடாகத்துக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, இன்றைக்கு இந்தச் சோதனையைச் செய்தீர்களா, எழுதி வைத்த புத்தகம் எங்கே என்பதைத்தான். நுழைவாயிலில் நெற்றியில் பிடிக்கும் வெப்பமானி அதற்கு ஈடாகாது.

ஆபத்து நீரில் இல்லையென்றால் எங்கே? ஆரம்ப வகுப்பு ஒன்றைக் கூர்ந்து கவனித்தால் தெரியும். மல்லாந்து மிதக்கப் பழகும் பிள்ளையின் பிடரிக்கு அடியில் ஆசிரியரின் ஓர் உள்ளங்கை, முதுகுக்கு அடியில் மற்றது. பிள்ளை பயத்தில் கழுத்தைத் தூக்குகிறது. ஆசிரியர் குனிந்து, வயிற்றை மேலே கொண்டு வா, காதை நனைய விடு என்கிறார். இரண்டு முகங்களுக்கும் இடையில் ஓர் அடி தூரம். முகக்கவசம் நனைந்தால் மூச்சு அடைக்கும் என்பதால் நீரில் இருவருமே அணிய முடியாது. பிள்ளை இருமுகிறது, நீரைத் துப்புகிறது, கத்துகிறது. உண்மையில் அஞ்ச வேண்டிய இடங்களில் இது ஒன்று. அடுத்தது உடை மாற்றும் அறை: சன்னல் இல்லாத, ஈரமான, பத்துப் பேர் ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டு நிற்கும் அறை. மூன்றாவது, நம் பதுளை மாவட்டத்தில் மிக முக்கியமானது, வேன். பதுளையிலோ பண்டாரவளையிலோ உள்ள ஒரு தடாகத்துக்குத் தோட்டத்திலிருந்து வர வேண்டுமானால், வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் முக்கால் மணி நேரம், குளிருக்கு அடைத்த கண்ணாடிகளோடு, பதினைந்து பிள்ளைகள் மடிமேல் மடியாக உட்கார்ந்து வர வேண்டும். வகுப்பில் தொற்றாதது வேனில் தொற்றும். எனவே மூட வேண்டியவற்றின் பட்டியலில் முதலிடம் உடை மாற்றும் அறைக்கு. பிள்ளை வீட்டிலிருந்தே நீச்சலுடைமேல் சட்டை போட்டு வரட்டும். வேன் கண்ணாடிகள் திறந்திருக்கட்டும், பாதிப் பிள்ளைகள் மட்டும் ஏறட்டும். கைபிடித்துப் பழக்குவதை அண்ணனோ அக்காவோ நீரில் நின்று செய்ய, ஆசிரியர் கரையிலிருந்து சொல்லிக் கொடுக்கலாம். ஒரே வீட்டில் உறங்குகிற இருவருக்கிடையே புதிய தொற்று அபாயம் ஏதும் இல்லை. தடாகம் கூரையற்றதாக இருந்தால் மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

இனித் தராசின் மறுதட்டு. இலங்கையில் விபத்து மரணங்களில் வீதிக்கு அடுத்த இடம் நீருக்கு. ஆண்டுக்கு எழுநூறு பேருக்கு மேல், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேர், நீரில் மூழ்கி இறக்கும் நாடு இது. கடல் இல்லாத ஊவா இதில் தப்பியது என்று நினைப்பவர்கள் வரைபடத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும். பதுளை நகரைப் பதுளு ஓயா சுற்றிக்கொண்டு போகிறது. அதே ஆறு சற்றுத் தள்ளி துன்ஹிந்தவில் 64 மீற்றர் விழுகிறது. கொஸ்லந்தைக்கு அருகே தியலும 220 மீற்றர், ஹல்துமுல்லைப் பக்கம் பம்பரகந்த 263 மீற்றர். நாட்டின் மிக உயரமான இரண்டு அருவிகளும் இந்த மாகாணத்தில்தான். அருவியின் உயரத்தைப் பயணக் கையேடு சொல்லும். அதன் அடியில் இருக்கும் கசத்தின் ஆழத்தைச் சொல்லாது. மகியங்கனைப் பக்கம் சொரபொர வாவியும் மகாவலியும். வெலிமடைப் பக்கம் புஹுல்பொலவிலும் டயரபாவிலும் உமா ஓயாத் திட்டத்தின் அணைகள், 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டவை. முன்பு முழங்கால் அளவு ஓடிய இடங்களில் இப்போது ஆழமான தேக்கம். இவை பெயருள்ள நீர்கள். பெயரில்லாதவை இன்னும் அதிகம்: பீலித் தண்ணீர் வராத நாட்களில் குளிக்கவும் துவைக்கவும் இறங்கும் ஓடைகள், மரக்கறித் தோட்டத்துக்காக வெட்டிய குழிகள், மூடியில்லாத தொட்டிகள். மேல் மலையில் மழை பெய்து, கீழே வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே ஓடை பெருகி வந்துவிடும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்கு நினைவிருக்காது. பாடசாலை மூடிய மாதங்களில் கல்வி இணையவழி நடக்கிறது என்று சொல்லப்பட்டது. பதுளை மாவட்டத்துப் பொகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் அலைபேசி சமிக்ஞை தேடிக் காடு கடந்து பாறையேறியதை 2021இல் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் படமெடுத்துப் போட்டன. பாடத்துக்கே அவ்வளவு தூரம் நடந்த பிள்ளைகளுக்கு, பாடம் இல்லாத பகலில் ஓயா எட்டாத தூரமா?

நீச்சல் பழக்குவதால் உண்மையிலேயே உயிர் தப்புகிறதா என்பதற்கு நம்மைப் போன்ற ஏழை நாடொன்றிலிருந்தே சான்று உண்டு. பங்களாதேஷில் ஊர்க் குளங்களில் மூங்கில் தளம் அமைத்து, நான்கு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு உயிர்காப்பு நீச்சல் பழக்கும் திட்டம் நடந்தது. இலக்கு எளிமையானது: இருபத்தைந்து மீற்றர் நீந்த வேண்டும், அரை நிமிடம் மிதக்க வேண்டும், மூழ்கும் இன்னொருவரைத் தான் இறங்காமல் கரையிலிருந்து எட்டிப்பிடிக்கத் தெரிய வேண்டும். பழகிய பிள்ளைகளிடையே மூழ்கி இறக்கும் அபாயம் தொண்ணூறு வீதத்துக்கு மேல் குறைந்ததாக 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. பளிங்குத் தடாகமோ நீலத் தரையோ அங்கே இருக்கவில்லை. அதே நாடு இன்னொன்றையும் காட்டியது: ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் காப்பது நீச்சலல்ல, காவல். தாய்மார் வேலையில் மூழ்கியிருக்கும் காலை ஒன்பது மணியிலிருந்து பகல் ஒரு மணி வரை ஊருக்குள் ஒரு வீட்டில் குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டாலே மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. அவர்கள் புதிதாக உருவாக்க வேண்டியிருந்ததைத் தோட்டங்கள் தலைமுறைகளாக வைத்திருக்கின்றன. பிள்ளைக் காம்பிரா என்று அதற்குப் பெயர். தாய் மலைக்குப் போகும் நாளில் காம்பிராவை மூடுவது எந்தத் தொற்றுக் காலத்திலும் கடைசியாக எடுக்க வேண்டிய முடிவு. நீச்சல் வகுப்பைப் பற்றிய விவாதம் ஆறு வயதுக்கு மேற்பட்டோரைப் பற்றியது. அதற்குக் கீழே விவாதிக்க வேண்டியது காம்பிராவின் கதவைப் பற்றி.

இந்த இடத்தில் கூர்மையான வாசகர் ஒருவர் குறுக்கிடுவார்: பங்களாதேஷ் குளம் நிற்கும் நீர், ஊவாவின் ஓயா பாயும் நீர், அந்தக் கணக்கு இங்கே எப்படிப் பொருந்தும்? பாதிதான் பொருந்தும். வெள்ளம் வரும் ஓடையில் ஒலிம்பிக் வீரரும் பாறையில் மோதித்தான் போவார். தொண்ணூறு வீதம் என்ற எண்ணை அப்படியே மலைக்குத் தூக்கி வரக் கூடாது. ஆனால் பிள்ளைகள் வெள்ளத்தில் மட்டும் மூழ்குவதில்லை. அமைதியான நாளில், கரையிலிருந்து நாலைந்து முழத்தில், கால் வழுக்கிக் குழிக்குள் போகிறவர்கள் உண்டு. முப்பது விநாடி மிதக்கத் தெரிந்தால் அவர்களை இழுத்துப்போட நேரம் கிடைக்கும். இன்னொரு மறுப்பு இதைவிடப் பழையது, ஒவ்வொரு லயத்திலும் பாட்டிமார் சொல்வது: நீச்சல் தெரிந்தால் பையன் துணிந்து ஆத்துக்குப் போவான், தெரியாதவன் பயந்து வீட்டில் இருப்பான். துணிச்சல் கூடலாம். ஆனால் அந்த ஆய்வு எண்ணியது பிள்ளைகளின் திறமையை மட்டுமல்ல, அவர்களில் இறந்தவர்களையும். துணிச்சலால் கூடிய மரணம் ஏதும் இருந்திருந்தால் அதுவும் அந்தக் கணக்குக்குள்தான் வந்திருக்கும். அதையும் சேர்த்தே அபாயம் குறைந்தது. பயத்தை நம்பிப் பிள்ளையை விட்டுப்போகிற தாய்க்கு, அந்தப் பயம் நாலு கூட்டாளிகள் கூப்பிடும்வரைதான் என்பதும் தெரியும்.

நான் எளிதில் தள்ள முடியாத மறுப்பு லயத்தைப் பற்றியது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மூன்று தலைமுறை படுத்துறங்கும் வீட்டில், பிள்ளை கொண்டுவரும் கிருமி பிள்ளையை ஒன்றும் செய்யாமல் போகலாம். மூலையில் படுத்திருக்கும் அம்மாயியை என்ன செய்யும்? இலங்கையில் பதிவான கொவிட் மரணங்கள் 16,000ஐத் தாண்டின. அவற்றில் பெரும்பகுதி அறுபது வயதைக் கடந்தவர்கள். பிள்ளைக்கு நீர் ஆபத்து, முதியவருக்குக் காற்று ஆபத்து என்ற இரண்டையும் ஒரே வீடு சுமக்கிறது. இதற்கு என் பதில் காலத்தைப் பொறுத்தது. 2021 ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடு மூடப்பட்ட வாரங்களைப் போன்றவற்றில் வகுப்பு நடக்கவே கூடாது. வைத்தியசாலைகளில் கட்டில் இல்லாத நாட்கள் அவை. தடுப்பூசி வருமுன், வீட்டில் நோயாளியோ மிக முதியவரோ இருந்தால் அந்தக் குடும்பம் காத்திருப்பதும் நியாயம். ஆனால் சில வாரங்களுக்கு நியாயமான கட்டுப்பாடு நீண்ட காலப் பழக்கமாகிவிட்டது. 2020 கோடையிலேயே, ஜூலை 25ஆம் திகதி, இங்கிலாந்து உள்ளரங்கத் தடாகங்களைக்கூடத் திறக்க அனுமதித்தது. இந்தியா அதே ஆண்டு ஒக்டோபர் 15இலிருந்து விளையாட்டு வீரர்களின் பயிற்சிக்கு மட்டும் திறந்தது. இந்திய முடிவில் எனக்கு உடன்பாடில்லை. பதக்கம் வாங்கப் போகிறவருக்குத் தடாகம் திறந்தது, மிதக்கத் தெரியாத பிள்ளைக்கு மூடியே இருந்தது. திறப்பதற்கு ஒரு வரிசை இருக்க வேண்டுமென்றால் இது தலைகீழான வரிசை. இங்கிலாந்தில் 2020 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் மூழ்கி இறந்த பிள்ளைகள் 20 பேர்; 2023 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் 41 பேர். வெப்பமான கோடைகளும் இதில் சேர்ந்திருக்கும். முழுப் பழியையும் நின்றுபோன வகுப்புகள்மேல் போட முடியாது. ஆனால் பழகாமல் வளர்ந்த ஒரு வயதுக் கூட்டம் ஆற்றங்கரைக்கு வரும்போது என்ன நடக்கலாம் என்று யோசிக்க அந்த எண்கள் போதும்.

கடைசி மறுப்பைத்தான் தோட்டத்தார் முதலில் சொல்வார்கள்: எங்கள் பிள்ளைகளுக்கு நிறுத்தி வைக்க எந்த நீச்சல் வகுப்பு இருந்தது? 2021 மார்ச்சில்தான் நாட்கூலி ஆயிரம் ரூபாவாக வர்த்தமானியில் வந்தது. அதில் வேன் காசும் தடாகக் கட்டணமும் எங்கே நிற்கும்? உண்மை. பெருந்தொற்றுக்கு முன்பும் பின்பும் நீச்சல் ஊவாவில் நகரத்துப் பிள்ளைகளின் பாடம். ஆனால் தடாகத்துக்குப் போக முடியாது என்பதிலிருந்து பழக்க முடியாது என்ற முடிவுக்குத் தாவ வேண்டியதில்லை. ஊவாவுக்குப் பெரும் மழை வடகீழ்ப் பருவத்தில், ஆண்டின் கடைசி மாதங்களில் வருகிறது. ஆடி ஆவணியில் வறட்சி. ஓகஸ்ட் விடுமுறையில் நீர் தெளிந்து தாழ்ந்திருக்கும்போது, பாய்ச்சல் இல்லாத ஒரு தேக்கத்தைத் தெரிந்து, ஆழத்தை அளந்து, மூங்கிலும் கயிறும் கட்டி எல்லை போட்டால், பங்களாதேஷின் குளத்துக்கு ஈடான இடம் கிடைக்கும். அந்த நீரில் குளோரின் இராது, எலிக்காய்ச்சல் இருக்கலாம். எனவே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், காலில் புண்ணுள்ள பிள்ளை இறங்கக் கூடாது, குடிநீர் எடுக்கும் தேக்கத்தைத் தொடவே கூடாது. குளிரும் ஒரு சங்கதி. பதுளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றரில் இருக்கிறது, ஹப்புத்தளை 1,400க்கு மேலே; பதுளைப் பள்ளத்தாக்கில் அரைமணி நேரம் தாங்கும் பிள்ளை, ஹப்புத்தளையில் பத்து நிமிடத்தில் உதடு நீலம் பாரித்து நடுங்கும். மேல்மலைத் தோட்டத்துப் பிள்ளைகளைக் கீழே கூட்டிவருவதே வழி. இதற்கு இரண்டு மூன்று தோட்டங்கள் சேர்ந்தால் ஒரு லொறி போதும். திறந்த லொறி, தொற்றுக் கணக்கிலும் வேனைவிட மேல்.

நீரே இல்லாமல் பழக்கக்கூடியதும் நிறைய உண்டு, எந்த ஊரடங்கிலும் லயத்து வாசலில் செய்யலாம். மூடியை இறுக்கிய வெற்று ஐந்து லீற்றர் கேன் ஒரு பிள்ளையை மிதக்க வைக்கும். அதன் கைப்பிடியில் பத்து முழக் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மிதித்துக்கொண்டு, குறிபார்த்து எறியப் பழக்க வேண்டும். கேனில் ஒரு கை தண்ணீர் விட்டால்தான் காற்றில் பறக்காமல் போய் விழும். கூட்டாளி மூழ்கும்போது கூடக் குதிப்பதுதான் பிள்ளைகளின் இயல்பு. ஒருவருக்காக இறங்கி இருவர் மூவராகப் போன துயரங்களை நாட்டின் பத்திரிகைகள் ஆண்டுதோறும் போடுகின்றன. குதிக்காதே, கேனை எறி, கத்திக் கூப்பிடு என்பதை உடம்பு நினைவில் வைக்கும் அளவுக்குச் செய்து பார்க்க வேண்டும். தோட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாகப் போகிறார். காம்பிராவில் பொறுப்பாளர் இருக்கிறார். பாடசாலையில் ஆசிரியர் இருக்கிறார். இதற்குப் புதிதாக ஆளெடுக்க வேண்டியதில்லை.

நீரில் இறங்கிப் பழக்கத்தான் ஆள் வேண்டும்: பெண் ஆசிரியைகள். பத்து வயதுக்கு மேல் பெண்பிள்ளையை ஆண் ஒருவர் நீரில் பிடித்துப் பழக்குவதை எந்தத் தாயும் ஒப்பமாட்டார், அதைப் பிற்போக்கு என்று ஏசுவதில் பயனும் இல்லை. 2004 சுனாமியில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். அதற்குப் பிறகு வெலிகமப் பக்கம் கிறிஸ்டினா ஃபொன்ஃபே தொடங்கிய பெண்களுக்கான நீச்சல் திட்டம், முதலில் மிதக்கவும் பிறகு நீந்தவும் பழக்கியது. அங்கே பழகிய பெண்களே மற்றப் பெண்களுக்கு ஆசிரியைகளானார்கள். முழங்கால் மறைக்கும் காற்சட்டையும் சட்டையும் போட்டுக்கொண்டே பழகலாம். ஓயாவில் தவறி விழுகிறவர் நீச்சலுடையில் விழுவதில்லை. பதுளையிலிருந்து மாத்தறைக்கு பஸ் ஓடுகிறது. உயர்தரம் முடித்துவிட்டு கொழும்புக் கடை வேலைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தோட்டத்து யுவதிகள் பத்துப் பேரைத் தென்கரைக்கு அனுப்பிப் பயிற்றுவித்து அழைத்துவர ஆகும் செலவு, ஒரு தடாகத்துக்கு ஓடு பதிக்கும் செலவுக்குக்கூட வராது. மாகாணக் கல்வித் திணைக்களமும் பெருந்தோட்டக் கம்பனிகளும் அதைப் பங்கிட்டுக்கொள்வதற்குப் பெருந்தொற்று இல்லாத இந்த ஆண்டுகளைவிட வசதியான காலம் கிடைக்காது.